கராஜ் ராக் ரசிகர்களின் ஆல்பங்களும் விழாக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கராஜ் ராக் பக்கம் நேற்று வந்தவர்களும் பல வருடமாகக் கேட்டுவருபவர்களும் சுற்றிச் சுற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் எங்கள் சாய்வு தெரியும், மறைக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது பிறப்பிலேயே 45 சுழற்சி சிங்கிள்களின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டுகளின் இசை, சின்னக் கூடங்களின் இசை. ஆல்பம் வாங்கும்போதும் விழாவுக்கு டிக்கெட் எடுக்கும்போதும் இது நினைவிருந்தால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

எதைத்தான் கராஜ் ராக் என்கிறீர்கள்?

ஏறக்குறைய 1963 முதல் 1967 வரை, அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி வயதுப் பையன்கள் வீட்டுக் கார் ஷெட்டில் பழகி, உள்ளூர் ஸ்டூடியோவில் ஒரே மத்தியானத்தில் பதிவு செய்து, உள்ளூர் லேபிளில் சில நூறு பிரதிகள் போட்ட முரட்டு ராக் அண்ட் ரோல். மூன்றே கார்டு (சுரக் கூட்டு), ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் கிட்டார், விலை குறைந்த ஆர்கன், தொண்டை கிழியும் குரல். அப்போது அதற்கு இந்தப் பெயர் கிடையாது. 'பங்க் ராக்' என்ற சொல்லையே 1970களின் தொடக்கத்தில் விமர்சகர்கள் முதலில் இந்தப் பாட்டுகளுக்குத்தான் சூட்டினார்கள். பிறகு 1980களில் ஒரு அலை, 1990களில் ஒன்று, 2001-ஐ ஒட்டி வானொலிவரை போன ஒன்று, 2008-க்குப் பிறகு கலிஃபோர்னியாவில் ஒன்று. இன்று விழாக்களில் கேட்பது இத்தனை அலைகளும் கலந்ததை.

முதலில் எந்த ஆல்பம் வாங்கலாம்?

எந்தக் குழுவின் ஆல்பமும் வேண்டாம். தொகுப்பு வாங்குங்கள்.

'நக்கெட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டை எலெக்ட்ரா நிறுவனம் 1972-இல் வெளியிட்டது. தொகுத்தவர் லென்னி கே. மொத்தம் 27 பாட்டுகள். தொகுப்பிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அந்தக் காலக் குழுக்களில் பெரும்பாலானவற்றிடம் ஒரு நல்ல பாட்டு இருந்தது, சிலவற்றிடம் இரண்டு. சிங்கிள் ஓட ஆரம்பித்ததும் கம்பெனி அவசர அவசரமாக ஆல்பம் கேட்கும். பையன்களோ மேடையில் வாசித்துவந்த பிறர் பாட்டுகளைப் போட்டு மிச்ச இடத்தை நிரப்பிக் கொடுப்பார்கள். ஒரு ஹிட் பாட்டுக்காக ஆல்பம் வாங்கிவிட்டு, மீதிப் பதினோரு பாட்டை ஒரு தடவைக்கு மேல் கேட்காதவர்கள் ஏராளம்.

1998-இல் ரைனோ நிறுவனம் 'நக்கெட்ஸ்'ஸை நான்கு சிடியாக, 118 பாட்டுகளாக விரித்தது. அருமையான பெட்டிதான், ஆனால் முதல் வாரத்துக்கு அது அதிகம். 27 பாட்டும் மனப்பாடம் ஆன பிறகு அங்கே போகலாம்.

அதற்கு அடுத்த படி 1978-இல் தொடங்கிய 'பெபிள்ஸ்' வரிசை. அதற்கும் அடுத்தது, 1983-இல் கிரிப்ட் லேபிளில் டிம் வாரன் தொடங்கிய 'பேக் ஃப்ரம் த கிரேவ்' வரிசை. வித்தியாசம் இதுதான்: 'நக்கெட்ஸ்'ஸில் வானொலியில் ஓடிய பாட்டுகள் நிறைய. 'பெபிள்ஸ்'ஸில் வெளியே தெரியாத குழுக்கள், கொஞ்சம் சைகடெலிக் மணம். 'பேக் ஃப்ரம் த கிரேவ்' மென்மையானதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் காட்டுத்தனம் மட்டும். மூன்றாவதிலிருந்து தொடங்கினால் பலர் அங்கேயே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

'லூயி லூயி'யை ஏன் எல்லோரும் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ஹெட்ஃபோனில் ஒருமுறை கவனமாகக் கேளுங்கள். ரிச்சர்ட் பெரி எழுதி 1957-இல் வெளியிட்ட பாட்டு அது. ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் 1963 ஏப்ரலில் கிங்ஸ்மென் குழு அதைப் பதிவு செய்தது. கிட்டார் சோலோ முடிந்ததும் பாடகர் ஜாக் ஈலி அடுத்த சரணத்தைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிடுகிறார். தப்பு என்று உறைத்ததும் சட்டென்று நிறுத்துகிறார். அந்த இடைவெளியை டிரம்மர் ஒரு உருட்டல் உருட்டிச் சமாளிக்கிறார். மறுபடி எடுக்கவில்லை, அப்படியே தட்டாக்கிவிட்டார்கள். அது பில்போர்ட் பட்டியலில் 2-ஆம் இடம்வரை போனது. பின்னால் வந்த பல குழுக்கள் அந்தத் தப்பையும் சேர்த்தே வாசிக்கின்றன.

வார்த்தை புரியாததற்கும் காரணம் உண்டு. மைக்கைத் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். ஈலி அண்ணாந்து பார்த்துக் கத்த வேண்டியிருந்தது. ஆபாசம் இருக்கிறது என்று புகார் கிளம்பி, எஃப்.பி.ஐ. விசாரித்து, எந்த வேகத்தில் ஓட்டினாலும் வார்த்தை விளங்கவில்லை என்று கோப்பை மூடியது. இந்த இசையில் தப்பை ஏன் திருத்துவதில்லை என்று இனி யாராவது கேட்டால் இந்த ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

சோனிக்ஸ் ஆல்பங்களில் எது?

1965-இல் வந்த 'ஹியர் ஆர் த சோனிக்ஸ்'. வாஷிங்டன் மாநிலம் டகோமா ஊர்க் குழு, எடிகெட் லேபிள். இரண்டே டிராக்கில் பதிவு, மொத்த டிரம்ஸுக்கும் ஒரே மைக். அதனால்தான் டிரம்ஸ் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே மோதலாக வந்து விழுகிறது. பாடகர் ஜெர்ரி ராஸ்லியின் அலறல் டேப் தாங்கும் அளவைத் தாண்டிப் போகிறது. 1966-இன் 'பூம்' ஆல்பத்துக்கு ஸ்டூடியோச் சுவரில் ஒலி அடக்க ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு வாசித்தார்கள் என்பார்கள். கேட்டால் நம்பத்தான் தோன்றும்.

1967-இன் 'இன்ட்ரட்யூசிங் த சோனிக்ஸ்' மெருகேற்றப்பட்டது. கடைசியில் வாங்குங்கள், அல்லது வாங்காதீர்கள். ஆச்சரியம் 2015-இல் வந்த 'திஸ் இஸ் த சோனிக்ஸ்': ஜிம் டயமண்ட் தயாரிப்பில் மோனோவில் (ஒரே சேனலில்) பதிவானது. முதல் ஆல்பத்துக்கு ஐம்பது வருடம் கழித்து ஒரு குழுவிடம் யாரும் எதிர்பார்க்காத வேகம்.

அறுபதுகளிலிருந்து முழுசாக உட்கார்ந்து கேட்கக்கூடிய ஆல்பங்கள் வேறு என்ன?

மங்க்ஸின் 'பிளாக் மங்க் டைம்' (1966). ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் ஐந்து பேர். துறவிகள்போல உச்சந்தலையைச் சிரைத்துக்கொண்டு, கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். கிட்டார் செய்ய வேண்டிய தாள வேலையை மின்சார பான்ஜோ செய்கிறது. மெட்டைவிடத் தாளத்துக்கே முக்கியத்துவம். முதல் தடவை கேட்கும்போது எரிச்சல் வரலாம்; மூன்றாம் தடவைக்குள் பழகிவிடும்.

டெக்சஸின் 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் 1966-இல் போட்ட முதல் ஆல்பம் இன்னொன்று. பின்னணியில் விடாமல் குமிழியிடும் சத்தம் ரெக்கார்டின் கோளாறு இல்லை. டாமி ஹால் ஒரு ஜாடியின் வாயில் மைக்கை வைத்துக்கொண்டு வாயால் எழுப்பும் ஒலி அது. தட்டைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

சீட்ஸின் முதல் ஆல்பம் (1966) ஒரே பாட்டைப் பன்னிரண்டு விதமாக வாசித்த மாதிரி இருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஸ்டூஜஸும் எம்சி5-உம் இதில் சேருமா?

அறுபதுகளின் கடைசியில் டெட்ராய்ட் பகுதியிலிருந்து வந்த குழுக்கள் இவை. வரலாற்றுக் கணக்கில் அடுத்த தலைமுறை. ரசிகர் கணக்கில் சேரும். இடையே ஒரு நேரடி உறவுகூட இருக்கிறது: 1970-இல் வந்த ஸ்டூஜஸின் 'ஃபன் ஹவுஸ்' ஆல்பத்தைத் தயாரித்த டான் கலூச்சி, கிங்ஸ்மென் 'லூயி லூயி'யைப் பதிவு செய்தபோது கீபோர்டு வாசித்த பள்ளிக்கூடப் பையன். ஸ்டூடியோவில் ஒலி அடக்கும் துணிகளை அகற்றச் சொல்லி, மேடையில் நிற்பதுபோல எல்லோரையும் ஒன்றாக நிற்கவைத்து, பாடகர் கையில் மைக்கைக் கொடுத்துப் பதிவு செய்தார். இருக்கும் எல்லா ராக் ஆல்பங்களிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதை எடுப்பவர்கள் நிறைய. ரைனோ ஹேண்ட்மேட் 1999-இல் அந்தப் பதிவு நாட்களின் டேப்பை ஏழு சிடியாகப் போட்டது. ஒரே பாட்டை அடுத்தடுத்து இத்தனை முறை வாசிக்கிறார்களே என்று முதலில் தோன்றும். எந்த முறையில் பாட்டு 'உட்கார்ந்தது' என்று கண்டுபிடிப்பதுதான் அதில் ருசி.

எண்பதுகள், தொண்ணூறுகள்?

கிராம்ப்ஸின் 'சாங்ஸ் த லார்ட் டாட் அஸ்' (1980): மெம்ஃபிஸில் பதிவு, அலெக்ஸ் சில்டன் தயாரிப்பு. பேஸ் கிட்டாரே கிடையாது. டெட்ராய்ட்டின் கோரீஸும் அப்படித்தான், இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ். அவர்களுடைய 'ஐ நோ யூ ஃபைன், பட் ஹவ் யூ டூயின்' (1990) ஆல்பத்துக்கும் சில்டன்தான். கோரீஸ் இல்லாமல் அதே ஊரின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸைப் புரிந்துகொள்வது கடினம்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பில்லி சைல்டிஷ். மில்க்ஷேக்ஸ், மைட்டி சீசர்ஸ், ஹெட்கோட்ஸ் என்று குழு மாற்றிக் குழு மாற்றி ஆல்பம் போட்டுத் தள்ளினார். மில்க்ஷேக்ஸ் 1984-இல் ஒரே நாளில் நான்கு ஆல்பம் வெளியிட்டது. எங்கே தொடங்குவது என்று குழம்ப வேண்டாம், கையில் கிடைப்பதில் தொடங்குங்கள். தரம் பெரிதாக ஏறி இறங்காது.

மெம்ஃபிஸின் ஒப்ளிவியன்ஸ் தொண்ணூறுகளின் மையம். 'பாப்புலர் ஃபேவரிட்ஸ்' (1996) காட்டம். 1997-இல் ஆர்கன் வாசிப்பவர் மிஸ்டர் குவின்ட்ரனுடன் சேர்ந்து போட்ட ஒன்பது பாட்டு ஆல்பம் தேவாலயப் பாட்டுகளைக் கராஜுக்குள் இழுத்துவந்தது. இரண்டாவதுதான் வருடக்கணக்காக நிற்கிறது.

போர்ட்லண்டின் டெட் மூன் தனிப் பிறவி. ஃப்ரெட் கோலும் மனைவி டூடி கோலும் டிரம்மரும். தட்டு அச்சடிக்கத் தேவையான மூலத் தட்டை ஃப்ரெட் தன் பழைய வெட்டும் இயந்திரத்தில் தானே மோனோவில் வெட்டுவார். 'இன் த கிரேவ்யார்ட்' (1988) கேட்டால் ஒலி ஏன் அவ்வளவு அடர்த்தியாக, மேல்சுரம் குறைவாக இருக்கிறது என்பது விளங்கும்.

ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், ஸ்ட்ரோக்ஸ், ஹைவ்ஸ் எல்லாம் உண்மையான கராஜா?

சண்டை வளர்க்கும் கேள்வி. சுருக்கமாக: ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், ஆம். ஹைவ்ஸ், ஆம். ஸ்ட்ரோக்ஸ் நல்ல குழு, ஆனால் அவர்களுடைய வேர் நியூயார்க்கின் எழுபதுகளில். பத்திரிகைகள் 2001-இல் எல்லோரையும் ஒரே பையில் போட்டுவிட்டன.

ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 'ஒயிட் பிளட் செல்ஸ்' (2001) மெம்ஃபிஸில் நான்கு நாளுக்குள் முடிந்தது. 'எலிஃபன்ட்' (2003) பெரும்பாலும் லண்டன் டோ ராக் ஸ்டூடியோவில் எட்டு டிராக் டேப்பில். எழுதுவது முதல் மாஸ்டரிங் வரை கணினி தொடவில்லை என்று உறையிலேயே அச்சடித்தார்கள். ஹைவ்ஸின் 'வெனி விடி விசியஸ்' (2000) பன்னிரண்டு பாட்டு, அரை மணி நேரம்கூட இல்லை. அதே காலத்து டெட்ராய்ட்டிலிருந்து எங்கள் பரிந்துரை வேறொன்று: டர்ட்பாம்ஸின் 'அல்ட்ராகிளைட் இன் பிளாக்' (2001). கோரீஸின் மிக் காலின்ஸ் இரண்டு டிரம்மர், இரண்டு பேஸ் வைத்துக்கொண்டு பழைய சோல் பாட்டுகளை நொறுக்கித் திரும்பக் கட்டிய ஆல்பம்.

அதற்குப் பிறகு?

ஜே ரெட்டார்டின் 'பிளட் விஷன்ஸ்' (2006), அரை மணிக்குள் 15 பாட்டு. பிளாக் லிப்ஸின் 'லெட் இட் ப்ளூம்' (2005). டை சீகலின் 'மெல்டட்' (2010), பிறகு குழுவாக 'ஸ்லாட்டர்ஹவுஸ்' (2012). தீ ஓ சீஸின் 'ஃப்ளோட்டிங் காஃபின்' (2013). ஆஸ்திரேலியாவின் எடி கரண்ட் சப்ரெஷன் ரிங் போட்ட 'பிரைமரி கலர்ஸ்' (2008). பாட்டு எழுதுவதில் இவர்கள்தான் இந்தக் கூட்டத்தில் சிக்கனமானவர்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே?

பெருவின் லிமாவில் லோஸ் சைக்கோஸ் 1965-இலேயே 'டெமோலிசியோன்' பாடிவிட்டது; பங்க் எங்கே பிறந்தது என்ற வாதத்தில் அந்த ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இந்தியாவில் 'சிம்லா பீட்' ராக் குழுப் போட்டிகளிலிருந்து 1970, 1971-இல் வந்த தொகுப்புகளை உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஜப்பானின் கிட்டார் வுல்ஃப் 1999-இல் போட்ட 'ஜெட் ஜெனரேஷன்' சிடியின் மேல், உங்கள் கருவி கெட்டுப்போகலாம் என்று எச்சரிக்கை ஒட்டியிருந்தது. விளையாட்டுக்கு ஒட்டியதல்ல, சத்தத்தைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள்.

மோனோவா, ஸ்டீரியோவா?

அறுபதுகளின் பாட்டு என்றால் மோனோ. அந்தக் கலவைகள் ஏ.எம். வானொலியின் ஒற்றை ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை. ஸ்டீரியோப் பதிப்பில் பல நேரம் குரல் ஒரு பக்கமும் வாத்தியங்கள் மறுபக்கமும் பிரிந்துவிடும், மோதல் போய்விடும்.

அதைவிட மோசம் போலி ஸ்டீரியோ. மோனோ டேப்பை எடுத்து, அடிச்சுரத்தை ஒரு பக்கமும் மேல்சுரத்தை மறுபக்கமும் தள்ளி, கொஞ்சம் எதிரொலி சேர்த்துவிடுவார்கள். உறையில் 'எலக்ட்ரானிக் முறையில் ஸ்டீரியோ ஆக்கப்பட்டது' என்ற பொருளில் சின்ன எழுத்தில் இருக்கும். தெரியாமல் வாங்கிவிட்டால் மோனோ பொத்தானை அழுத்திப் பயனில்லை. இரண்டு பக்கமும் காலம் தவறிக் கலந்து குழாய்க்குள் பாடியதுபோல ஆகும். ஒரு சேனலை மட்டும் எடுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் கொடுத்தால் ஓரளவு தேறும்.

உண்மையான மோனோ தட்டை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டும்போது மட்டும் மோனோ பொத்தானை அழுத்துங்கள். பழைய தட்டின் பொரிபொரிச் சத்தத்தில் கணிசமான பங்கு ஊசியின் மேல்கீழ் அசைவில் வருவது. அது இரண்டு சேனலிலும் எதிரெதிராகப் பதிவாவதால், சேர்த்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

ஆல்பம் இரைகிறது. என் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. மூன்று சோதனை போதும்.

குரல் உயரும் இடத்திலும் டிரம்ஸ் அடிக்கும் இடத்திலும் மட்டும், தட்டின் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே மாதிரி இரைந்தால், அது டேப்பிலேயே இருக்கும் இரைச்சல். ஸ்ட்ரீமிங்கில் அதே பாட்டைக் கேட்டு ஒப்பிடுங்கள், அங்கேயும் இருக்கும். விட்டுவிடுங்கள், அதற்குத்தான் காசு கொடுத்தீர்கள்.

பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ' ஓசைகள் சீறினால், கார்ட்ரிஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) கோணம் சரியில்லை அல்லது ஊசியில் தூசி உருண்டை. உள் வட்டத்தில் அதே ஒரு விநாடிக்குக் குறைந்த நீளப் பள்ளம்தான் கிடைக்கிறது, பிழை அங்கேதான் முதலில் வெளியே தெரியும். முதலில் ஊசியைத் தூரிகையால் பின்னாலிருந்து முன்னால் துடையுங்கள். பிறகு எடை: பல கார்ட்ரிஜ்களுக்கு 1.5 முதல் 2.5 கிராம்வரை, உங்களுடையதற்குத் தயாரிப்பாளர் சொன்ன எண்ணை வையுங்கள். தட்டுக்கு நல்லது என்று நினைத்துக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. ஊசி பள்ளத்தில் துள்ளி, கூடுதல் எடையைவிட அதிகமாகக் கெடுக்கும்.

ஒரே பக்க ஸ்பீக்கரில் மட்டும் இரைந்தால், பழைய உரிமையாளர் தேய்த்த தட்டு. அல்லது உங்கள் ஆன்டிஸ்கேட் (ஊசிக் கை உள்நோக்கி இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) அளவு தப்பு. வேறு புதுத் தட்டைப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

அசல் 45 வாங்கலாமா, மறுபதிப்பா?

கேட்பதற்கு என்றால் மறுபதிப்பு. அசல் வாங்கப் போகிறவர் ஸ்டைரீன் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அறுபதுகளின் அமெரிக்க சிங்கிள்களில் பல வினைலில் இல்லை, பாலிஸ்டைரீனில் வார்க்கப்பட்டவை. கண்டுபிடிக்க: எடை குறைவு, விளிம்பு கூராக இல்லாமல் சதுரமாக இருக்கும், நகத்தால் தட்டினால் 'டக்' என்ற வறட்டுச் சத்தம், லேபிள் தட்டோடு சேர்ந்து அழுந்தாமல் மேலே ஒட்டப்பட்டிருக்கும். தேய்ந்த ஊசியில் சில முறை ஓட்டினாலே ஸ்டைரீன் நிரந்தரமாக இரையத் தொடங்கும். பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் காதுக்கு நாசமாக இருக்கலாம். அதனால் ஸ்டைரீன் 45-ஐக் கண்ணால் மட்டும் தரம்பார்த்து வாங்காதீர்கள், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையிலான வெற்று வளையத்தையும் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஆலையின் தட்டில் ஒரு சின்ன முக்கோணமும் பக்கத்தில் எண்ணும் கீறியிருக்கும். அந்த எண் வரிசையாக ஏறிக்கொண்டே போனது, எனவே அச்சான காலத்தைக் கிட்டத்தட்டக் கணிக்கலாம். லேபிளை அப்படியே நகலெடுக்கும் கள்ளப் பதிப்பு இந்த வளையத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

ஒரு சின்ன விஷயம்: பெரிய ஓட்டை 45-களுக்கு அடாப்டர் வேண்டும், ஓட்டையின் விட்டம் சுமார் 38 மில்லிமீட்டர். விழாவில் பை நிறைய வாங்கிவந்து வீட்டில் இது இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

ஒரே ஒரு விழாவுக்குத்தான் போக முடியும். எதற்கு?

மெம்ஃபிஸின் கோனர்ஃபெஸ்ட். ஒப்ளிவியன்ஸின் எரிக் ஃப்ரீடல் 1993-இல் தொடங்கிய கோனர் ரெக்கார்ட்ஸ் நடத்துவது. அந்த லேபிளின் முதல் வெளியீடே கிட்டார் வுல்ஃப்தான். முதல் கோனர்ஃபெஸ்ட் 2005 ஜனவரியில் நடந்தது, பிறகு செப்டம்பர் இறுதிக்கு மாறியது. வியாழன் தொடங்கி ஞாயிறுவரை. கூப்பர் யங் பகுதியில் திறந்தவெளி மண்டபத்தில் தொடக்கம், பகலில் ஒரு இடம், இரவில் ஒரு இடம், நள்ளிரவுக்கு மேல் வேறொரு இடம் என்று ஓடும். முக்கிய மேடை இருக்கும் இடம் பல தடவை மாறியிருப்பதால், தங்குமிடம் எடுக்கும் முன் அந்த வருடத்து முகவரியைப் பாருங்கள்.

இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் பெரிய பெயர்கள் இல்லை. ஒரு லேபிளின் காதுதான் பட்டியலைத் தேர்ந்தெடுக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும், நீங்கள் கேள்விப்படாத குழுவைப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம். மூன்று மணி நேரம் கழித்து அதே டிரம்மர் பக்கத்தில் நின்று இன்னொரு குழுவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐரோப்பாவில்?

ஸ்பெயின்தான் தலைநகரம். வித்தோரியாவில் ஜூனில் நடக்கும் அஸ்கேனா ராக் 2002-இல் தொடங்கியது. அங்கே பெரிய மேடையைவிட 'டிராஷ்வில்' பகுதியில்தான் கராஜ் குழுக்கள் வாசிக்கும், நேராக அங்கே போங்கள். பெனிடோர்மில் அக்டோபரில் ஃபன்டாஸ்டிக் டிராகுலா கார்னிவல். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாறுவேடம் கட்டாயம் இல்லை என்றாலும் சாதாரண உடையில் போனால் நீங்கள்தான் தனியாகத் தெரிவீர்கள். லியோனில் டிசம்பர் தொடக்கத்தில் பர்ப்பிள் வீக்கெண்ட், ஹிஹோனில் ஆகஸ்ட் தொடக்கத்தில் யூரோ யேயே. இரண்டும் மாட் (அறுபதுகளின் பிரிட்டிஷ் இளைஞர் பாணி), அறுபதுகளின் நடன இசை பக்கம் சாய்ந்தவை, இரவு முழுக்க 45 ஓட்டும் டிஜேக்களுக்காகவே போகலாம்.

பெல்ஜியத்தின் கீர்லே ஊரில் 1976 முதல் ஷோக் விழா, ஜூலையில். பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில் ஜூலை இறுதியில் பினிக் விழா, பெயரில் ஃபோக், ப்ளூஸ் என்று இருந்தாலும் மேடையில் கராஜ். இத்தாலியின் சால்சோமஜோரேயில் ஃபெஸ்டிவல் பீட்.

ஆஸ்டினின் லெவிடேஷன் கராஜ் விழாவா?

பாதி. பிளாக் ஏஞ்சல்ஸ் குழுவினர் 2008-இல் ஆஸ்டின் சைக் ஃபெஸ்ட் என்று தொடங்கியது. பிறகு 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸின் பாட்டுப் பெயரைச் சூட்டிக்கொண்டது. 2016-இல் திறந்தவெளிப் பண்ணையில் நடக்கவிருந்தது மோசமான வானிலையால் ரத்தானது. 2018-இல் திரும்பி வந்தபோது நகரத்துக் கூடங்களுக்குள் பிரிந்துகொண்டது. எங்களைக் கேட்டால் அதற்குப் பிறகுதான் விழா நன்றாயிற்று. ஆனால் கூடத்துக்குக் கூடம் டிக்கெட் தனி. எந்த இரவு எந்தக் கூடம் என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் நடந்தே நேரம் போகும்.

பழைய பட்டியல்களில் பார்த்த சில விழாக்களைக் காணோமே?

நியூயார்க்கின் கேவ்ஸ்டாம்ப், கலைந்துபோன குழுக்களை மீண்டும் சேர்த்து மேடையேற்றியது: 1999-இல் மங்க்ஸ், 2007-இல் சோனிக்ஸ். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வான் ஜான்ட் 2004 ஆகஸ்ட் 14-இல் நியூயார்க்கின் ராண்டல்ஸ் தீவில் சுழலும் மேடை போட்டு ஸ்டூஜஸ் முதல் போ டிட்லிவரை ஒரே நாளில் நிற்கவைத்தார். கலிஃபோர்னியாவின் பர்கராமா 2015-உடன் முடிந்தது. அதை நடத்திய பர்கர் ரெக்கார்ட்ஸ், தன் வட்டத்துக் குழுக்கள்மேல் பாலியல் அத்துமீறல் புகார்கள் குவிந்ததும் 2020-இல் மூடப்பட்டது.

விழா நாளை எப்படித் திட்டமிடுவது?

கராஜ் குழு வாசிப்பது பெரும்பாலும் அரை மணி முதல் முக்கால் மணி. பத்து நிமிடம் தாமதமாகப் போனால் கால்வாசி போச்சு. முதல் மூன்று குழுக்களைத் தவறவிடாதீர்கள். கடைசியில் வரும் பெரிய குழுவை வேறெங்காவது பார்க்கலாம், மூன்று மணிக்கு வாசிக்கும் குழு அடுத்த வருடம் இருக்குமோ இருக்காதோ. ரெக்கார்ட் மேசைக்கு மாலைக்கு முன்பே போங்கள். சுற்றுப்பயணக் குழுக்கள் குறைந்த பிரதிகளே சுமந்து வரும், இருட்டும்போது டி ஷர்ட் மட்டும் மிச்சம் இருக்கும்.

வெயில் மேடையில் கிட்டார் ஒலி திடீரென்று விக்கி விக்கி வந்தால் வாசிப்பவரைக் குறை சொல்லாதீர்கள். 1962-இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் தொடங்கிப் பழைய ஃபஸ் பெட்டிகளில் இருப்பது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். சூடு ஏறினால் அதன் கசிவு மின்னோட்டம் கூடி, ஒலி அறுந்து அறுந்து வரும். தெரிந்தவர்கள் பெட்டியை நிழலில் வைப்பார்கள்.

காதுக்கு என்ன செய்வது?

85 டெசிபலில் எட்டு மணி நேரம்வரை என்பது பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். சின்னக் கூடத்தில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் நின்றால் அதைத் தாண்டுவது சுலபம்.

நுரை அடைப்பான் மலிவு, ஆனால் மேல்சுரத்தை அதிகமாக விழுங்கும், குரல் மங்கும். வடிகட்டி வைத்த இசைக்கலைஞர் அடைப்பான் எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். நுரை போடும் முறை: விரலால் மெல்லிதாக உருட்டுங்கள், மறு கையால் தலைக்குப் பின்னால் சுற்றிக் காதை மேலும் பின்னுமாக இழுங்கள், நுழைத்து 20 முதல் 30 விநாடி விரலால் அழுத்திப் பிடியுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயன் பாதிகூட இல்லை. இரண்டாவது ஜோடி பையில் இருக்கட்டும், கூட்டத்தில் ஒன்று கட்டாயம் விழும்.

வாங்கிய தட்டுகளை எப்படிப் பத்திரமாகக் கொண்டுவருவது?

தட்டை உள்ளுறையோடு அட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் சேர்த்து வெளிப்புறப் பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். உள்ளேயே விட்டால் பயணத்தின் குலுக்கலில் தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துவிடும். 10 எல்.பி. (பெரிய ஆல்பத் தட்டு) சேர்ந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ. விமானத்தில் கைப்பையில் வையுங்கள். எக்ஸ்ரே தட்டை ஒன்றும் செய்யாது. வெயிலில் நிறுத்திய காரில் வைக்கக் கூடாது. பின் சீட்டில் கண்ணாடிக்குக் கீழே வைத்த தட்டு ஒரு மதியத்தில் கிண்ணமாகிவிடும். சாய்த்தும் வைக்காதீர்கள், நேராக நிற்கட்டும்.

எந்த விழாவுக்கும் போக வழியில்லை. என்ன செய்வது?

எம்சி5-இன் 'கிக் அவுட் த ஜாம்ஸ்' (1969) போடுங்கள். 1968 அக்டோபர் 30, 31 தேதிகளில் டெட்ராய்ட்டின் கிராண்ட் பால்ரூமில் கூட்டத்தின் முன் பதிவானது. முதல் ஆல்பமே நேரடிப் பதிவு. கோனர்ஃபெஸ்ட் 2020-இல் முழுக்கவே இணையத்தில் நடந்தது. விளக்கை அணைத்து, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, நின்றுகொண்டே கேளுங்கள். உட்கார்ந்து கேட்டால் இந்த இசை பாதிதான் ஏறும்.